புகையை விட்டு, நிக்கோட்டினை விடாமல்

நான் சிகரெட்டை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் நிக்கோட்டின் கலந்த சூயிங்கத்தை இன்னும் முழுமையாக விடவில்லை. இதைச் சொன்னவுடன் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அப்படியானால் நீங்கள் விட்டதாக எப்படிச் சொல்வது? ஒரு பழக்கம் போய் இன்னொரு பழக்கம் வந்திருக்கிறது, அவ்வளவுதானே?" அவர்கள் சொல்வதில் பாதி உண்மைதான். நிக்கோட்டினை நான் இன்னமும் சார்ந்திருக்கிறேன் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் இரண்டு வேறுபட்ட விஷயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. பழக்கத்துக்கு அடிமையாவது ஒன்று. அந்தப் பழக்கத்தால் நோயுற்று இறப்பது மற்றொன்று. முதலாவதற்குக் காரணம் நிக்கோட்டின். இரண்டாவதற்குக் காரணம், மிகப் பெரும்பாலும், புகை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், நிக்கோட்டினை உடனடியாக விட முடியாதவர்களுக்கும் ஒரு வழி திறக்கிறது என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

புகைப்பவர் ஒருமுறை இழுக்கும்போது சிகரெட்டின் நுனி ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. அந்த வெப்பத்தில் இலை எரிந்தும், எரியாமல் சிதைந்தும், 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களாக மாறுகிறது. அவற்றுள் எழுபதளவு புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. பென்சீன், ஃபார்மால்டிஹைடு, பென்சோபைரீன் போன்றவை அந்தப் பட்டியலில் வருகின்றன. நுண்துகள்களாக நுரையீரலில் படியும் பிசுபிசுப்பான கலவையைத்தான் தார் என்கிறோம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்வதால், இதயம் குறைந்த ஆக்சிஜனைக் கொண்டு கூடுதலாக உழைக்க நேர்கிறது. இவற்றுள் பெரும்பாலானவை நெருப்பு பிறப்பித்தவை. நிக்கோட்டினே இல்லாத மூலிகைச் சிகரெட்டைக் கொளுத்தினாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் வரத்தான் செய்யும். கையால் சுருட்டிய புகையிலை, கலப்படமற்ற 'இயற்கைப்' புகையிலை என்பவற்றுக்கும் இதே கதிதான். ஹூக்காவில் புகை நீரினூடாக வருவதால் சுத்தமாகிவிடுகிறது என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. நீர் புகையைக் குளிர்விக்கிறதே தவிர நச்சை நீக்குவதில்லை, அதில் எரியும் கரியோ தன் பங்குக்குக் கார்பன் மோனாக்சைடைச் சேர்க்கிறது.

இந்த உண்மையைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர்களுள் முன்னோடி, லண்டனில் பணியாற்றிய மனநல மருத்துவர் மைக்கேல் ரசல். மக்கள் புகைப்பது நிக்கோட்டினுக்காக, அவர்கள் இறப்பதோ தாரினால் என்று 1976ஆம் ஆண்டிலேயே அவர் எழுதினார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த எளிய வேறுபாடு பொதுமக்களிடம் போய்ச் சேரவில்லை. நிக்கோட்டின்தான் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று நம்பும் மருத்துவர்கள்கூட இருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புகையிலைப் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவதாக உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. நிக்கோட்டினை அவ்வாறு வகைப்படுத்தவில்லை.

இதனால் நிக்கோட்டின் தீங்கற்றது என்று ஆகிவிடாது. அது இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகிறது; கருவிலிருக்கும் குழந்தையின் வளர்ச்சியைப் பாதிக்கிறது; மூளை முதிர்ச்சியடைந்துகொண்டிருக்கும் இளம் வயதில் எளிதில் அடிமையாக்குகிறது; அடர்த்தியான திரவமாக ஒரு சிறு குழந்தையின் வாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அதன் பிடி எவ்வளவு வலுவானது என்பது அது மூளையை அடையும் வேகத்தைப் பொறுத்திருக்கிறது. புகையாக உள்ளிழுக்கும்போது பத்து முதல் இருபது விநாடிகளுக்குள் அது மூளைக்குப் போய்விடுகிறது. தோலில் ஒட்டும் பட்டையின் வழியாகவோ உச்ச அளவை எட்டப் பல மணி நேரம் ஆகிறது. சிகரெட்டுக்கு அடிமையாவது போல யாரும் பட்டைக்கு அடிமையாவதில்லை என்பதற்குக் காரணம் இந்த வேகந்தான்.

புகையும் நிக்கோட்டினும் உடலில் வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன என்பதற்கு ஒரு சுவையான சான்று உண்டு. புகையின் தாரில் உள்ள சில சேர்மங்கள் கல்லீரலின் ஒரு நொதியைத் தூண்டிவிடுகின்றன; அந்த நொதி காஃபீனையும், மனநோய்க்குத் தரப்படும் குளோசபின், ஒலான்சபின், ஆஸ்துமாவுக்குத் தரப்படும் தியோஃபிலின் போன்ற சில மருந்துகளையும் வேகமாகச் சிதைக்கிறது. புகைப்பதை நிறுத்தியதும் அந்தத் தூண்டல் நின்றுபோகிறது. முன்பு குடித்த அதே அளவு காபி இப்போது இரத்தத்தில் ஏறக்குறைய இரு மடங்கு காஃபீனைத் தேக்குகிறது. நிக்கோட்டின் பட்டையை ஒட்டிக்கொண்டிருந்தாலும் இது நடக்கும், ஏனெனில் தூண்டியது நிக்கோட்டின் அன்று. சிகரெட்டை விட்ட முதல் வாரத்தில் வரும் படபடப்பையும் தூக்கமின்மையையும் நிக்கோட்டின் ஏக்கத்தின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். அதில் ஒரு பகுதி காபியின் வேலையாகவும் இருக்கலாம். காபியைப் பாதியாகக் குறைத்துப் பார்ப்பது நல்லது. மேற்சொன்ன மருந்துகளை உட்கொள்பவர்கள் புகையை நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுவது கட்டாயம், மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

'தீங்கு குறைந்தது' என்ற சொல்லைக் கேட்டாலே ஐயுறுபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஐயத்துக்கு வரலாற்றில் நியாயம் இருக்கிறது. சிகரெட் நிறுவனங்கள் 'லைட்', 'மைல்டு' என்ற பெயர்களில் தார் குறைந்த சிகரெட்டுகளைப் பல பத்தாண்டுகள் விற்றன. அவற்றின் ஃபில்டரில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் இருந்தன. அளவிடும் இயந்திரம் உறிஞ்சும்போது துளைகளின் வழியே காற்று கலந்து, தாரின் அளவு குறைவாகக் காட்டப்பட்டது. மனிதர்களோ அந்தத் துளைகளை விரலாலும் உதட்டாலும் தம்மை அறியாமலே மூடிக்கொண்டு, தமக்கு வேண்டிய நிக்கோட்டின் கிடைக்கும்வரை ஆழமாகவும் அடிக்கடியும் இழுத்தார்கள். ஆகவே நுரையீரலுக்குப் போன நச்சு குறையவில்லை. விட்டுவிட வேண்டும் என்று நினைத்திருக்கக் கூடிய பலர், குறைந்த தீங்குக்கு மாறிவிட்டோம் என்ற நிம்மதியில் தொடர்ந்து புகைத்ததுதான் மிச்சம். இன்று ஒரு பொருளைத் தீங்கு குறைந்தது என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது 'அதில் ஏதாவது எரிகிறதா?' என்பதைத்தான். எரிகிறது என்றால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளலாம்.

எரியாத நிக்கோட்டினின் மருத்துவ வரலாறு நீர்மூழ்கிக் கப்பலில் தொடங்குகிறது. கப்பலுக்குள் புகைக்க முடியாத ஸ்வீடன் நாட்டு மாலுமிகள் வாயில் வைக்கும் புகையிலையைக் கொண்டு சமாளிக்கிறார்கள் என்ற செய்தி, 1960களின் இறுதியில் மருந்து நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய ஓவே ஃபெர்னோ என்ற ஆய்வாளருக்கு எட்டியது. புகையிலையே இல்லாமல் நிக்கோட்டினை மட்டும் கொடுத்தால் என்ன என்று அவர் தொடர்ந்து முயன்றதன் விளைவுதான் நிக்கோட்டின் சூயிங்கம். 1978இல் சுவிட்சர்லாந்திலும் 1984இல் அமெரிக்காவிலும் அதற்கு அனுமதி கிடைத்தது. தோல்பட்டை 1990களின் தொடக்கத்தில் வந்தது. வாயில் வைத்துக் கரைக்கும் மாத்திரை, மூக்கில் அடிக்கும் ஸ்பிரே, வாய்க்குள் அடிக்கும் ஸ்பிரே ஆகியவையும் பின்னர்ச் சேர்ந்தன. உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் நிக்கோட்டின் மாற்று மருந்துகளை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

இவ்வளவு பழைய, இவ்வளவு ஆராயப்பட்ட மருந்தைப் பெரும்பாலானவர்கள் தவறாகவே பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. பெயரில் சூயிங்கம் என்று இருப்பதால் சாதாரண சூயிங்கத்தைப் போல விடாமல் மென்று, எச்சிலை விழுங்கி, விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்ததும், 'எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நிக்கோட்டின் உறிஞ்சப்பட வேண்டிய இடம் கன்னத்தின் உட்புறம். வயிற்றுக்குள் போகும் நிக்கோட்டினில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடுகிறது. ஆகவே மிளகின் காரம் போன்ற சுவை தெரியும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்துவிட வேண்டும். சுவை அடங்கியதும் மறுபடி சில முறை மென்று வேறு பக்கம் ஒதுக்க வேண்டும். ஏறக்குறைய அரை மணி நேரம் இப்படிப் போகும். வாயில் அமிலத்தன்மை இல்லாமல் இருந்தால்தான் நிக்கோட்டின் நன்றாக உறிஞ்சப்படும். காபி, பழச்சாறு, கோலா போன்ற அமிலப் பானங்கள் அதைக் கெடுத்துவிடும் என்பதால், மெல்வதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே அவற்றைத் தவிர்க்க வேண்டும். காலையில் கண்விழித்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவர்களுக்கு 4 மி.கி. அளவும், மற்றவர்களுக்கு 2 மி.கி. அளவும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றன.

இரண்டாவது தவறு, அளவைக் குறைவாக எடுத்துக்கொள்வது. நிக்கோட்டினைக் கண்டு அஞ்சி, ஏக்கம் தாங்க முடியாமல் போன பிறகே ஒரு சூயிங்கத்தை எடுப்பவர்கள், பெரும்பாலும் அன்று மாலைக்குள் சிகரெட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். நாளொன்றுக்குப் பத்துக்கு மேல் புகைத்தவர்களுக்கு 21 மி.கி. பட்டையில் தொடங்கி, 14, 7 என்று வாரக்கணக்கில் இறங்குவது வழக்கமான முறை. பட்டை பின்னணியில் ஒரு சீரான அளவைத் தந்துகொண்டிருக்க, திடீரென்று எழும் ஏக்கத்துக்குச் சூயிங்கத்தையோ மாத்திரையையோ சேர்த்துக்கொள்வது, ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடப் பலன் தருகிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகின்றன. நிக்கோட்டின் அல்லாத மாத்திரைகளான வரெனிக்லின், சைட்டிசின், புப்ரோபியன் ஆகியவையும் உண்டு. அவற்றை மருத்துவரின் மேற்பார்வையில் எடுக்க வேண்டும் என்பதோடு இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

அடுத்தது, இத்தனை சர்ச்சைக்கும் மையமான மின்சிகரெட். சீன மருந்தாளுநரான ஹான் லிக் 2003 வாக்கில் உருவாக்கிய இந்தக் கருவி, நிக்கோட்டின் கரைந்த திரவத்தைச் சூடாக்கி ஆவிப்படலமாக்குகிறது; எதுவும் எரிவதில்லை. தார் இல்லை, கார்பன் மோனாக்சைடு ஏறக்குறைய இல்லை, புற்றுநோய்க் காரணிகளின் அளவு புகையில் இருப்பதைவிட மிகக் குறைவு. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 2015இல், இது புகைப்பதைவிட 95 சதவீதம் தீங்கு குறைந்தது என்று அறிவித்தது. இந்த எண்ணை ஆதரவாளர்கள் வேதவாக்காக மேற்கோள் காட்டுகிறார்கள். அது என்னைச் சங்கடப்படுத்துகிறது. அது ஒரு நிபுணர் குழுவின் மதிப்பீட்டைத் தழுவிய எண், அளந்து கண்ட எண் அன்று. நாற்பது ஆண்டுகள் ஆவியை உள்ளிழுத்தவர்கள் உலகில் இன்னும் யாரும் இல்லாத நிலையில், நீண்ட காலத் தீங்கைத் துல்லியமாகச் சொல்ல எவராலும் இயலாது. ஆனால் புகையைவிட மிகவும் குறைந்த நச்சே உடலுக்குள் போகிறது என்பது, மாறியவர்களின் சிறுநீரிலும் இரத்தத்திலும் அளந்து உறுதி செய்யப்பட்ட உண்மை. எண்ணை விட்டுவிட்டு இந்த உண்மையை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

புகையை விடுவதற்கு அது உதவுகிறதா என்பதற்குத் தெளிவான விடை இருக்கிறது. 2019இல் வெளியான ஓர் ஆங்கிலேய ஆய்வில், புகையை விட விரும்பிய 886 பேரில் ஒரு பிரிவினருக்கு மின்சிகரெட்டும் மற்றவர்களுக்கு நிக்கோட்டின் மாற்று மருந்துகளும் தரப்பட்டன. ஓராண்டுக்குப் பின் புகையின்றி இருந்தவர்கள் முதல் பிரிவில் 18 சதவீதம், இரண்டாம் பிரிவில் 9.9 சதவீதம். இதே ஆய்வின் மற்றொரு முடிவையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை: அவ்வாறு புகையை விட்டவர்களுள் மின்சிகரெட் பிரிவில் 80 சதவீதத்தினர் ஓராண்டுக்குப் பின்னும் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள், மற்றப் பிரிவில் தமக்குத் தந்த மருந்தைத் தொடர்ந்தவர்கள் 9 சதவீதமே. புகையை விட வைப்பதில் மின்சிகரெட் வலிமையானது. தன்னை விட வைப்பதில் அப்படி இல்லை. முதலாவதை நான் பெரிதாக மதிக்கிறேன், ஏனெனில் கொல்வது புகைதான்.

2019இலும் 2020இன் தொடக்கத்திலும் அமெரிக்காவில் மின்சிகரெட் போன்ற கருவிகளைப் பயன்படுத்திய 2,800க்கும் மேற்பட்டோர் கடும் நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டதும் 68 பேர் இறந்ததும் உலகெங்கும் தலைப்புச் செய்திகளாயின. அவற்றுக்கு முதன்மைக் காரணம், கஞ்சாவின் போதைப்பொருளைக் கொண்ட திருட்டுச் சரக்குத் திரவங்களில் கலக்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெய்ப் பொருள் என்று பின்னர்த் தெரியவந்தது. முதல் செய்தி போன தூரத்துக்கு இந்தச் செய்தி போகவில்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, எங்கிருந்து வந்தது என்று தெரியாத திரவத்தை நுரையீரலுக்குள் அனுப்பக் கூடாது என்பதைத்தான். சட்டங்களும் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. இந்தியா 2019இல் மின்சிகரெட்டின் விற்பனையையும் உற்பத்தியையும் சட்டத்தின் மூலம் தடை செய்தது. பிரிட்டன் அரசோ புகைப்பவர்களுக்கு அதை இலவசமாக வழங்கும் திட்டத்தை 2023இல் அறிவித்தது. தடை உள்ள நாட்டில் கிடைப்பதெல்லாம் கண்காணிப்பற்ற கள்ளச் சரக்கு என்பதால், அங்கே இருப்பவர்களுக்குச் சூயிங்கமும் பட்டையும் மாத்திரைகளுமே பொருத்தமான வழி.

எரியாத புகையிலை எல்லாமே ஒன்றுதான் என்று எண்ணிவிடக் கூடாது. ஸ்வீடனில் உதட்டுக்கடியில் வைக்கும் ஸ்னூஸ் நீராவியால் பதப்படுத்தப்படுவது. புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமீன்கள் அதில் குறைவு. ஸ்வீடன் ஆண்கள் பல பத்தாண்டுகளாகச் சிகரெட்டிலிருந்து அதற்கு மாறியதால், நுரையீரல் புற்றுநோயால் அவர்கள் இறக்கும் விகிதம் ஐரோப்பாவிலேயே மிகக் குறைவானவற்றுள் ஒன்றாக இருக்கிறது. இதைக் காட்டி, பாக்கும் சுண்ணாம்பும் கலந்த மெல்லும் புகையிலையைத் தீங்கு குறைந்த மாற்று என்று யாரேனும் சொன்னால் அது கொடிய பொய். நைட்ரோசமீன் மிகுந்த புகையிலையும், தனித்தே புற்றுநோய் உண்டாக்கும் பாக்கும் சேர்ந்த அந்தக் கலவை வாய்ப் புற்றுநோய்க்கு நேரடிக் காரணம். புகையை விடுவதற்காக அதற்கு மாறுவது, கிணற்றுக்குத் தப்பித் தீயில் பாய்வது போன்றது. புகையிலையைக் கொளுத்தாமல் சூடாக்கும் கருவிகள் சிகரெட்டைவிடக் குறைவான, மின்சிகரெட்டைவிட அதிகமான நச்சை வெளிவிடுகின்றன. அவற்றைப் பற்றிய ஆய்வுகளில் கணிசமானவை தயாரிப்பாளர்கள் நடத்தியவை என்பதால் நான் அவற்றைப் பரிந்துரைக்கத் தயங்குவேன். பழைய சிகரெட் நிறுவனங்களே இன்று மாற்றுப் பொருள்களையும் விற்கின்றன. 'லைட்' சிகரெட்டின் வரலாறு தெரிந்தவர்கள் அவர்களின் விளம்பரத்தை நம்ப வேண்டியதில்லை. சார்பற்ற ஆய்வுகளை நம்பினால் போதும்.

மாறுவது என்றால் முழுமையாக மாற வேண்டும் என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். பகலில் மின்சிகரெட், இரவில் நண்பர்களோடு இரண்டு சிகரெட் என்று இரண்டையும் வைத்துக்கொள்பவர்கள் மிகுதி. நாளொன்றுக்கு இருபது சிகரெட்டுகளை ஒன்றாகக் குறைத்தால் இதயநோய் அபாயமும் இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்று தோன்றும். உண்மையில், இருபது புகைப்பவருக்குக் கூடுதலாக இருக்கும் இதயநோய் அபாயத்தில் ஏறத்தாழப் பாதி, ஒன்றே ஒன்று புகைப்பவருக்கும் இருக்கிறது. குறைப்பது நிறுத்துவதற்கான படியாக இருந்தால் நல்லது. தங்குமிடமாக இருந்தால் இதயத்துக்கு அதிகப் பயன் இல்லை.

இவை அனைத்தும் ஏற்கெனவே புகைப்பவர்களுக்கு மட்டுமே. புகைக்காத ஒருவருக்கு, குறிப்பாக இளைஞர்களுக்கு, இந்தப் பொருள்கள் எதுவும் தேவையில்லை. அவர்களைப் பொறுத்தவரை ஒப்பிட வேண்டியது சிகரெட்டோடு அன்று, தூய காற்றோடு. மிட்டாய்ச் சுவையிலும் பளபளக்கும் உறையிலும் விற்கப்படும் மின்சிகரெட்டுகள் மேல் எனக்குள்ள கோபம் இதனால்தான்: பெரியவர்களைக் காப்பாற்றக் கூடிய ஒரு கருவியின் பெயரை அவை கெடுத்துவிட்டன. கருவுற்றிருப்பவர்கள் எந்த மருந்தும் இல்லாமல் விட முடிந்தால் அதுவே சிறப்பு. முடியாவிட்டால், மருத்துவரின் கண்காணிப்பில் எடுக்கும் நிக்கோட்டின் மருந்து, தொடர்ந்து புகைப்பதைவிட மேலானது.

எத்தனை வயதில் மாறினாலும் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு, 1951இல் தொடங்கி ஐம்பது ஆண்டுகள் பிரிட்டன் மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்த ரிச்சர்டு டால் என்ற மருத்துவ ஆய்வாளரின் ஆய்வு விடை சொல்கிறது. வாழ்நாள் முழுவதும் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டுகளை இழந்தார்கள். முப்பது வயதில் நிறுத்தியவர்களுக்கு அந்தப் பத்தும் ஏறக்குறைய முழுமையாகத் திரும்பக் கிடைத்தது. நாற்பதில் நிறுத்தியவர்களுக்கு ஒன்பது, ஐம்பதில் ஆறு, அறுபதில் நிறுத்தியவர்களுக்கும் மூன்று ஆண்டுகள் கிடைத்தன. தாமதித்த ஒவ்வொரு பத்தாண்டுக்கும் இழப்பு இருக்கிறது. அதனால்தான், 'நிக்கோட்டின் உட்பட எல்லாவற்றையும் ஒரே நாளில் விடுகிறேன்' என்று நாள் பார்த்துக்கொண்டே ஆண்டுகளைக் கடத்துபவர்களிடம், புகையை முதலில் விட்டுவிடுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்கிறேன்.

அந்த 'மற்றதை' எப்போது பார்ப்பது என்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. சிகரெட்டின் நினைவு இல்லாமல் நாள்கள் கழியத் தொடங்கும்வரை மாற்றுப் பொருளின் அளவில் கை வைக்க வேண்டாம். அதன் பிறகு 4 மி.கி.யிலிருந்து 2 மி.கி.க்கு வலிமையைக் குறைத்துவிட்டு, ஒருமுறைக்கும் மறுமுறைக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டலாம். மின்சிகரெட்டில் நிக்கோட்டின் அடர்த்தியை அவசரப்பட்டுக் குறைத்தால், 'லைட்' சிகரெட்டில் நடந்தது போலவே ஆழமாக இழுக்கத் தொடங்கிவிடுவோம். குறைக்கும்போது சிகரெட்டின் ஆசை மீண்டும் தலைதூக்கினால், தயங்காமல் பழைய அளவுக்கே திரும்பிவிட வேண்டும். நான் இப்போது 2 மி.கி. சூயிங்கத்தில், உணவுக்குப் பின் மட்டும் என்ற நிலையில் இருக்கிறேன். என் இரத்த அழுத்தத்தைப் பார்க்கும் மருத்துவர் இதை அறிவார். அதையும் நிறுத்தச் சொல்லி அவர் அவசரப்படுத்தவில்லை, நானும் அவசரப்படவில்லை.